பினாங்கின் நீல மாளிகை



தைப்பூசத்துக்கும், உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கும் பினாங்குக்குப் போய் வருகிறவர்கள் நம்மில் பலர். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி அக்கரையில் இறங்குகிறோம். தண்ணீர்மலைக்குப் போய் முருகனைக் கும்பிடுகிறோம். ஆயர் ஈத்தாமில் உள்ள பெரிய புத்தர் கோயிலைப் பார்க்கிறோம். பினாங்கு ரோட்டில் நாலு சாமான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறோம். அந்தப் பினாங்கு ரோட்டுக்குப் பக்கத்திலேயே லீத் ஸ்திரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில், உயரமான சுற்றுச்சுவருக்குள் ஒரு பெரிய சீன மாளிகை நிற்கிறது. அதன் சுவர்கள் எல்லாம் நீலம். வெள்ளைச் சட்டையை அலசும்போது சொட்டு விடுவோமே, அந்த நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துப் பூசினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் கிழக்காசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் குடியிருந்த வீடு இது. இன்று இது ஒரு தங்கும் விடுதி. பணம் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஓர் இரவு இங்கே தங்கலாம். ஒரு மாளிகையை எதற்காக விடுதியாக மாற்ற வேண்டும்? எப்படி மாற்றினார்கள்? தோட்டப்புறத்தில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கும் அந்த மாளிகைக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்று கேள்விகளையும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் சற்றுத் தொலைவுக்குப் போய் வருவோம். ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் இருப்பது ஸ்பெயின் நாடு. அங்கே பழைய கோட்டைகளும், மடங்களும், பிரபுக்களின் அரண்மனைகளும் ஊருக்கு ஊர் உண்டு. காலம் மாறியது. பிரபுக்கள் போனார்கள், மடங்கள் காலியாயின. கூரை ஒழுகினால் சரிசெய்ய ஆள் இல்லை. அந்த நாட்டு அரசு 1928ஆம் ஆண்டில் கிரெடோஸ் மலைப்பகுதியில் பயணிகளுக்காக ஒரு விடுதியைத் திறந்தது. இந்த வகை விடுதிக்கு அவர்கள் மொழியில் ‘பரதோர்’ என்று பெயர். பின்னர் பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் செப்பனிட்டு, அவற்றையும் பரதோர்களாக்கியது. இன்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட பரதோர்கள் அந்த நாட்டில் இருக்கின்றன.

சந்தியாகோ என்னும் பழைய ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போவதுபோல, கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக நடந்து போய்ச் சேரும் புண்ணியத்தலம் அது. நடந்து வந்து நோயில் விழுந்தவர்களுக்காக 1499ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசரும் அரசியும் அங்கே ஓர் ஆஸ்பத்திரி கட்ட ஆணையிட்டார்கள். அந்தக் கட்டடம் 1954ஆம் ஆண்டில் உயர்தரமான விடுதியாயிற்று. விடுதியான பிறகும், நடந்து வரும் யாத்ரீகர்களில் சிலருக்கு இலவசச் சாப்பாடு போடும் வழக்கத்தை அங்கே விடவில்லை. கட்டடம் யாருக்காக எழுந்தது என்பதை மறக்காமல் இருக்க அது ஒரு வழி.

இந்தியாவிலும் இதே கதை உண்டு. ஜெய்ப்பூர் மகாராஜா தம்முடைய ராம்பாக் அரண்மனையை 1957ஆம் ஆண்டில் ஓட்டலாக்கினார். உதயப்பூரில் ஏரி நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் அரண்மனை 1963ஆம் ஆண்டில் ஓட்டலாயிற்று. இவர்கள் எல்லாருக்கும் காரணம் ஒன்றுதான். பெரிய வீட்டைக் கட்டுவதற்கு ஒரு தடவை செலவு செய்தால் போதும். அதைக் காப்பாற்றுவதற்கோ ஆண்டுதோறும் செலவு செய்யவேண்டும். வருமானம் நின்றால் ஓடு சரியும், உத்திரம் உளுக்கும், சுவரில் அரசங்கன்று முளைக்கும். வீடு தன் செலவுக்குத் தானே சம்பாதிக்க வேண்டுமானால், விருந்தினரை வைத்துச் சம்பாதிப்பது ஒரு வழி.

இனிப் பினாங்குக்குத் திரும்புவோம். பினாங்கில் விடுதித் தொழில் பழையது. 1885ஆம் ஆண்டில் ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் கடலோரத்தில் ஓர் ஓட்டலை நடத்தத் தொடங்கினார்கள். அதுதான் இன்றும் அங்கே இருக்கிற ஈ அண்ட் ஓ ஓட்டல். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டலைத் தொடங்கியவர்களும் அதே சகோதரர்கள்தாம். கப்பலில் மேல்வகுப்பில் வந்த துரைமார்கள் அந்த ஓட்டலில் இறங்கினார்கள்.

அதே கடலில், அதே காலத்தில், கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் படுத்துக் கிடந்து நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அவர்களில் பலர் முதலில் பார்த்தது பினாங்கு நகரத்தை அல்ல, ஜெரஜாக் தீவை. தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்தத் தீவில் அவர்களை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகுதான் கரும்புத் தோட்டத்துக்கும், பின்னாளில் ரப்பர்த் தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். துறைமுகம் ஒன்று, வரவேற்பு இரண்டு விதம். மாளிகையைப் பற்றிப் பேசும்போது இதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீல மாளிகையைக் கட்டியவர் பெயர் சியோங் ஃபாட் சீ. சீனாவின் தென்பகுதியில் குவாங்துங் மாநிலத்தில் 1840ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஹக்கா வகுப்பினர். பதின்ம வயதில் கையில் காசில்லாமல் கப்பலேறி, இன்று ஜகார்த்தா என்று சொல்கிறோமே, அந்தப் பத்தாவியா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே தண்ணீர் சுமந்து பிழைத்தார் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. பிறகு வியாபாரத்தில் இறங்கினார். டச்சுக்காரர்களின் படைக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தார். சுமத்திராவிலும் ஜாவாவிலும் தோட்டங்கள் வைத்தார். கப்பல்கள் ஓட்டினார். பினாங்கில் சீன அரசின் தூதுவராகவும் இருந்தார். 1892ஆம் ஆண்டில் சீனாவின் யாந்தாய் நகரில் திராட்சை மது ஆலை ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆலை இன்றும் நடக்கிறது. 1904ஆம் ஆண்டில் பினாங்கில் சுங் ஹுவா பள்ளிக்கூடம் உருவாவதற்கு அவரே முன்னின்றார். நாம் பார்க்கும் ஆயர் ஈத்தாம் புத்தர் கோயிலுக்கும் பெருந்தொகை கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

ஆனால் அவருடைய செல்வம் எல்லாம் தோட்டத்திலும் கப்பலிலும் மட்டும் வந்ததல்ல. அந்தக் காலத்தில் அபின், சாராயம் போன்றவற்றை விற்று வரி வசூலிக்கும் உரிமையை அரசு ஏலத்தில் குத்தகைக்கு விடும். அந்தக் குத்தகைகளையும் அவர் எடுத்திருந்தார். அந்த அபினை வாங்கிப் புகைத்தவர்களில் பெரும்பாலோர் உடல் வலியை மறக்க நினைத்த கூலிக்காரர்கள். நம் தோட்டங்களில் கள்ளுக்கடை எப்படிக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டதோ, அப்படித்தான் இதுவும். பெரிய மனிதரின் கொடையைச் சொல்லும்போது இதையும் சொல்வதுதான் நேர்மை. தண்ணீர் சுமந்த பையன் மாளிகை கட்டினான் என்பது உண்மை. அந்த மாளிகையில் தண்ணீர் சுமந்த மற்றவர்களின் காசும் இருக்கிறது என்பதும் உண்மை.

சரி, இப்போது வீட்டுக்குள் போவோம். இரவு தங்க வந்த விருந்தினராக நம்மை நினைத்துக்கொள்வோம்.

இந்த வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தொடங்கி 1904ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. 38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். வாசலைத் தாண்டியதும் நம் கண் போவது நடு முற்றத்துக்கு. மேலே கூரை இல்லை, வானம் தெரிகிறது. மழை நேரே முற்றத்தில் விழுகிறது. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் இருக்கும் முற்றத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்; அதேதான் இது. முற்றத்தில் மழைநீர் வந்து விழுந்தால் வீட்டுக்குள் செல்வம் வந்து சேருகிறது என்பது சீனர்களின் நம்பிக்கை.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். முற்றம் செய்கிற வேலை ஒன்று உண்டு. வெயில் ஏற ஏற வீட்டுக்குள் இருக்கும் காற்று சூடாகிறது. சூடான காற்று இலேசானது, மேலே எழும். அது முற்றத்தின் வழியே வெளியேறும்போது, நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று ஜன்னல்கள் வழியே உள்ளே வருகிறது. ஜன்னல்களில் மரப்பலகைகளைச் சாய்வாக அடுக்கியிருக்கிறார்கள். மழைச்சாரல் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் பினாங்கின் புழுக்கத்தைச் சமாளித்தது இந்த ஏற்பாடுதான்.

அடுத்தது சுவர். சுவருக்குப் பூசியிருப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்பைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. வெற்றிலையில் தடவுகிறோம், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட வேண்டும். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறாகும். அதைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாக இறுகிவிடும். ஆனாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிக் காற்றில் காய்ந்துவிடும். ஈரம் காயும்போது சுவரும் குளிரும். இதனால்தான் பழைய சுண்ணாம்புச் சுவரை ‘மூச்சு விடும் சுவர்’ என்று கொத்தனார்கள் சொல்கிறார்கள்.

அந்தச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? வெளியே பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும். உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். சில வருஷங்களில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளே இருக்கும் செங்கல்லும் கரையும். கடற்காற்று வீசும் பினாங்கில் பல பழைய வீடுகள் கெட்டுப்போனதற்கு இந்தச் சிமெண்டுப் பூச்சும் ஒரு காரணம்.

இப்போது அந்த நீல நிறத்துக்கு வருவோம். அது சுண்ணாம்பில் சாயம் கலந்து பூசியது. அந்தச் சாயம் இந்தியாவிலிருந்து வந்த அவுரிச் சாயம் என்று அந்த வீட்டின் வரலாற்றில் சொல்கிறார்கள். அவுரி என்பது தமிழ்நாட்டிலும் விளையும் ஒரு சிறு செடி. அதன் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்குவார்கள். மஞ்சளாக இருந்த தண்ணீர் நீலமாக மாறி, அடியில் வண்டல் படியும். வண்டலை வடித்து, அழுத்தி, வெயிலில் காயவைத்தால் நீலக்கட்டி. இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை அடித்தவர்கள் கூலியாட்கள். 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி வியாபாரம் படுத்துவிட்டது. பினாங்கில் இந்த வீடு எழும்பிய அதே ஆண்டுகள் அவை. ஆகவே லீத் ஸ்திரீட்டில் நின்று அந்தச் சுவரைப் பார்க்கும்போது, பெயர் தெரியாத சில இந்தியக் கூலிகளின் உழைப்பும் அந்த நிறத்தில் கலந்திருக்கிறது என்பதை நாம் நினைக்கலாம்.

கூரையை அண்ணாந்து பாருங்கள். பூவும் பறவையும் மனித உருவங்களும் வண்ண வண்ணமாக வரிசை கட்டி நிற்கின்றன. அவை வர்ணம் தீட்டியவை அல்ல. வண்ணப் பீங்கான் கிண்ணங்களை எடுத்து, வேண்டிய அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு சில்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிச் செய்தவை. வெயிலாலும் மழையாலும் அந்த வண்ணம் மங்காது. இது தென்சீனக் கைவினைஞர்களின் பரம்பரைத் தொழில். கீழே பார்த்தால் இங்கிலாந்திலிருந்து வந்த தரை ஓடுகள். தூண்களும் கம்பிகளும் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பு. நாலு திசைப் பொருள்களும் ஒரு வீட்டில் வந்து கூடியிருக்கின்றன. துறைமுகப் பட்டினத்து வீடு என்றால் அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவும் எப்படிப் பாழாயிற்று, எப்படி மீண்டது? சியோங் ஃபாட் சீ 1916ஆம் ஆண்டில் இறந்தார். தம் கடைசி மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். வீடு விற்பனையிலிருந்து தப்பியது. ஆனால் பராமரிக்கப் பணம் இல்லை. குடும்பத்தார் அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். மாளிகைக்குள் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின. வண்ணக் கண்ணாடிகள் உடைந்தன. கூரைப் பொம்மைகள் சிதைந்தன. கடைசி மகன் 1989ஆம் ஆண்டில் காலமானார். அப்போது பினாங்கில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவதில் வேகம் மிகுந்திருந்தது. நிலத்தின் விலையே பெரிது, வீட்டுக்கு மதிப்பில்லை. அந்த நேரத்தில் லாரன்ஸ் லோ என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய மனைவியும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து அந்த வீட்டை வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் உடனே வர்ணம் அடித்துக் கடை திறக்கவில்லை. முதலில் வீடு எந்தெந்தப் பொருளால் ஆனது என்று படித்தார்கள். பிறகு அதே பொருளைக் கொண்டு பழுதுபார்த்தார்கள். சுண்ணாம்பு இருந்த இடத்துக்குச் சுண்ணாம்பு. மரம் இருந்த இடத்துக்கு மரம். பீங்கான் வேலைக்குச் சீனாவிலிருந்தே தொழில் தெரிந்தவர்களை வரவழைத்தார்கள். பணத்தைவிட அவர்களுக்குத் தட்டுப்பாடாக இருந்தது இந்தக் கைத்தொழில் அறிவுதான். ஒரு தொழிலைச் செய்கிறவர் தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல் போனால், அரை நூற்றாண்டில் அந்தத் தொழில் மறைந்துவிடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆண்டுக்கணக்கில் நடந்த இந்த வேலைக்காக 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் சிறந்த மரபுக் காப்பு விருதை இந்த வீட்டுக்கு வழங்கியது.

விடுதியாக நடக்கும் இந்த மாளிகையில், பெரிய ஓட்டல்களைப் போல நூற்றுக்கணக்கான அறைகள் கிடையாது; இருபதுக்கும் குறைவுதான். அப்படிக் குறைவாக வைத்தால்தான் பழைய வீடு தாங்கும். இங்கே தங்குகிறவர்கள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய மரத்தரை நடந்தால் சத்தம் போடும். முற்றத்தில் பேசும் பேச்சு மாடிக்குக் கேட்கும். குளியலறைக் குழாய்கூடச் சுவரைத் துளைக்காமல் போகும்படி யோசித்துத்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு ஏற்றபடி விருந்தினர் நடந்துகொள்கிறார். விருந்தினர் கொடுக்கும் பணத்தில் வீடு தன் ஓட்டை மாற்றிக்கொள்கிறது. இதுதான் இந்தத் தொழிலின் கணக்கு.

தங்குவதற்குப் பெரிய தொகை வேண்டுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தங்காமலே, சிறு கட்டணம் செலுத்தி வீட்டைச் சுற்றிப்பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்கு போகும்போது, நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு மாளிகையும் பினாங்கு மாநிலத்திலேயே உண்டு. அதை நம்மில் சிலர் நன்றாகவே அறிவார்கள். அக்கரையில், செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில் கலிடோனியாத் தோட்டம். அங்கே இருப்பதுதான் ‘99 கதவு பங்களா’ என்று ஊரார் சொல்லும் பெரிய துரை பங்களா. ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1948ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த துரை அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அந்த வீட்டைக் கைவிட்டார்கள். கூரை விழுந்தது, கதவுகள் போயின, சுவரில் செடி முளைத்தது, பேய்க்கதைகள் மிஞ்சின. நீல மாளிகையைவிட அது எந்த விதத்திலும் குறைந்த வீடு அல்ல. அதற்குள் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போனதே வேற்றுமை. பூட்டி வைத்தால் வீடு பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். வெப்ப நாட்டில் பூட்டிய வீடுதான் முதலில் விழுகிறது.

ஆனால் நேயர்களே, மாளிகையைக் காப்பாற்றிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பார்க்க வேண்டும். பினாங்கு நகரத்தின் பழைய கடைவீடுகளில் ஏழைத் தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும் குறைந்த வாடகையில் குடியிருந்தார்கள். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறாமல் பிடித்து வைத்திருந்தது. வாடகை குறைவானதால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்க்கவும் இல்லை, இடிக்கவும் முடியவில்லை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன், மலாக்கா இரண்டையும் உலக மரபு நகரங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. அதன்பின் பல பழைய வீடுகள் அழகான விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் பிழைத்தன, அவற்றில் வாழ்ந்தவர்கள் பலர் இல்லை.

இதற்கு யாரைக் குறை சொல்வது என்பது எளிதான கேள்வி அல்ல. வாடகையை என்றைக்கும் ஏறாமல் வைத்தால் வீடு விழும். முற்றும் அவிழ்த்துவிட்டால் குடியிருந்தவர் விழுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடுவதுதான் நகரத்தை ஆள்கிறவர்களுக்கு வேலை. தோட்டத் துண்டாடலையும், தோட்டம் விற்றுப்போய் வீடமைப்புப் பேட்டையானதையும் பார்த்த நமக்கு இந்த வலி புதியதல்ல. லயம் இடிந்தது, கோயில் இடம் மாறியது, தோட்டத் தமிழ்ப்பள்ளி பக்கத்து ஊருக்குப் போனது. மாளிகையை மீட்க ஒரு கூட்டம் முன்வந்தது. லயத்துக்கு யாரும் வரவில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? இடிந்த லயத்தைத் திரும்பக் கட்ட நம்மால் முடியாது, கட்டவும் வேண்டியதில்லை. ஒழுகும் கூரையையும் பொதுக் குழாயையும் யார் திரும்ப விரும்புவார்கள்? ஆனால் அங்கே வாழ்ந்த வாழ்க்கையின் விவரத்தைக் காப்பாற்ற முடியும். நீல மாளிகையை மீட்டவர்கள் முதலில் செய்தது என்ன? வீட்டை அளந்தார்கள், எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று குறித்தார்கள். அந்த வேலைக்குக் காசு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்தக் கப்பல்? ஜெரஜாக்கில் எத்தனை நாள்? தோட்டத்தில் எத்தனை லயம், ஒரு லயத்தில் எத்தனை வீடு? கோயில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, முதலில் யார் பூசை செய்தார்? பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவது எப்படி? பழைய புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, பிறப்புச் சூரை, கப்பல் சீட்டு எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். மாளிகைக்காரர்களின் பெயர் கல்லில் இருக்கும். நம்மவர் பெயர் இப்படிப்பட்ட தாளில்தான் இருக்கும். அந்தத் தாளையும் தொலைத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்நாட்டில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் சில இப்போது விடுதிகளாக இருக்கின்றன. பர்மாத் தேக்கும் அயல்நாட்டுப் பளிங்கும் கொண்டு கட்டியவை. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த வட்டிக்கடைப் பணம் அங்கே சுவராக எழுந்தது. நம் பெரியவர்கள் கட்டிய வட்டியும் அதில் கொஞ்சம் இருக்கும். என்றைக்காவது தமிழ்நாடு போகிறவர்கள் அந்த வீடுகளையும் பாருங்கள். பார்க்கும்போது தூணின் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சுண்ணாம்பை அரைத்தவர் யார், கல்லைச் சுமந்தவர் யார், இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த முறை பினாங்கு போகும்போது, பெர்ரிக்கு நேரம் இருந்தால், பிள்ளைகளோடு லீத் ஸ்திரீட் பக்கம் ஒரு நடை நடந்து வாருங்கள். அந்த நீலச் சுவரைக் காட்டி, அவுரிச் செடியின் கதையைச் சொல்லுங்கள்.